குழிக்கு ஒரு புழு

ஏழாம் நம்பர் தட்டின் மூடியைத் தூக்கியதுமே தங்கபுஷ்பத்துக்கு விளங்கிவிட்டது. மூன்றாவது வரிசை, நாலாவது குழி. புழு தீனியின் மேல் இல்லை. மூடியின் உள்பக்கத்தில் பின்னங்கால்களால் ஒட்டிக்கொண்டு தலைகீழாகத் தொங்கியது. நேற்றுச் சாயங்காலம் வரை வெண்டைக்காய்ப் பச்சையில் கொழுகொழுவென்று கிடந்த புழு, இப்போது நீராகாரம் மாதிரி வெளுத்திருந்தது. பிரஷ் நுனியால் லேசாகத் தொட்டாள். நல்ல புழு என்றால் தொட்ட உடனே தலையைச் சிலுப்பிக்கொண்டு பிரஷைக் கடிக்க வரும், அவ்வளவு ரோஷம் அதற்கு. இது கடிக்கவில்லை. தோல் கிழிந்து, உள்ளே இருந்ததெல்லாம் கஞ்சியாக ஒழுகித் தீனியில் சொட்டியது. ஆத்தாடி என்று வாய்வரை வந்ததை அப்படியே விழுங்கிவிட்டு, மூடியை மூடினாள். எட்டாம் தட்டில் மூன்று தொங்கின. ஒன்பதில் ஏழு. பத்தாம் தட்டைத் திறக்கக் கை நீளவில்லை. மணி ஒன்பது பத்து. பதினோரு மணிக்குக் கம்பெனியை நடத்துகிற கோமதிநாயகம் சார் வருவார், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு தட்டாகத் திறப்பார். திறக்கட்டும். அதற்குள் என்ன செய்ய முடியும்? செத்த புழுவை எழுப்பி உட்கார வைக்க முடியுமா? கையுறையைக் கழற்றி வலது கட்டைவிரலைப் பார்த்தாள். ஆறு நாளாக அந்த விரலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நகத்தின் ஓரத்தில், சதையோடு சேரும் இடத்தில், கடுகளவுக்குச் சிவப்பு. பிளேடால் சுரண்டியும் போகாத சிவப்பு. மறுபடி கையுறையை மாட்டிக்கொண்டாள்.

புழு சாவது இங்கே ஒன்றும் அதிசயமில்லை. சொல்லப்போனால் இந்தக் கட்டடமே புழு சாவதற்குத்தான் கட்டியிருக்கிறது. ஆனால் சாகவேண்டிய இடம் சுவருக்கு அந்தப் பக்கம். விளாத்திகுளம் பக்கத்தில் கரிசலில் கொண்டைக்கடலை, துவரை, பாசி என்று எது போட்டாலும் காயைத் துளைத்துத் தலையை உள்ளே விட்டு உடம்பை வெளியே போட்டுக்கொண்டு தின்கிற அந்தக் காய்ப்புழுவை இந்தப் பக்கம் வளர்க்கிறார்கள், அந்தப் பக்கம் கொல்லுகிறார்கள். இந்தப் பக்கம் தங்கபுஷ்பம். கருப்புத் துணி கட்டிய வாளிக்குள் அந்துப்பூச்சிகள் தேன் தண்ணீர் குடித்துவிட்டுத் துணியிலேயே முட்டை வைக்கும். முட்டை பொரிந்த புழுவைக் கொண்டைக்கடலை மாவுக் களி ஊற்றிய குழித்தட்டில், குழிக்கு ஒன்றாக விடவேண்டும். குழிக்கு ஒன்று, அது முக்கியம். இரண்டு விட்டால் பக்கத்தில் தீனி குவிந்து கிடந்தாலும் ஒன்றை ஒன்று தின்றுவிடும். கொழுத்ததும் சுவரில் இருக்கிற சின்ன ஜன்னல் வழியாக அந்தப் பக்கம் தள்ளிவிடவேண்டும். அங்கே ஊறவைத்த கடலையில் நோய்த் தண்ணீரைத் தடவிக் கொடுப்பார்கள். ஆறு ஏழு நாளில் எல்லாம் மேலே ஏறித் தலைகீழாகத் தொங்கும். அதை அள்ளி அரைத்து வடிகட்டி பாட்டிலில் அடைத்தால் அதுதான் மருந்து. ஏக்கருக்கு நூறு புழுவின் சாவு. புஞ்சையில் அடித்தால் அங்கே இருக்கிற புழுவெல்லாம் அதே நோயில் தொங்கும். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் எது வேண்டுமானாலும் போகலாம், அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் ஒரு தூசி வரக்கூடாது. சார் சுவரில் நீலப் பெயிண்டில் எழுதி வைத்திருக்கிறார்: நோய் அறைக்குள் போனவர் குளித்து உடை மாற்றாமல் வளர்ப்பு அறைக்குள் வரக்கூடாது, கையைப் பிளீச்சிங் தண்ணீரில் இரண்டு நிமிடம் வைக்கவும். பதினோரு வருஷமாகத் தினம் கண்ணில் படுகிற எழுத்து. தங்கபுஷ்பம் கைப்பக்குவத்தில் ஒரு புழுகூட வீணாகாது என்று சார் வெளியூர்க்காரர்களிடமெல்லாம் சொல்லுவார். அதைக் கேட்டு அவளுக்கு ஒரு சுற்றுப் பெருத்த மாதிரி இருக்கும். வயிற்றில் ஒன்று தங்காத குறைக்கு இந்தப் பேராவது மிஞ்சியதே என்று இருக்கும்.

சுவருக்கு அந்தப் பக்கம் மிக்ஸி ஓடி நின்றது. மாரிக்கனி வந்துவிட்டாள். தங்கபுஷ்பத்தின் தம்பி பெண்டாட்டி. எட்டு மாசத்துக்கு முன்னால் தங்கபுஷ்பமே சாரிடம் பேசி வாங்கிக்கொடுத்த வேலை. வேலை வாங்கிக்கொடுத்த மகராசி என்று ஊரில் நாலு பேர் சொன்னார்கள். எந்த அறையில் வாங்கிக்கொடுத்தாள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. செத்ததை அள்ளுகிற அறை. நாற்றம் தலைமுடிவரை ஏறும், சோறு இறங்காது. அள்ளட்டும் என்றுதான் கேட்டாள். இருந்த ஒரு தம்பியைக் கொன்றவள்தானே, அள்ளட்டும். மிக்ஸி மறுபடி ஓடியது. நாட்களைப் பின்னோக்கி எண்ணினாள். புதன், செவ்வாய், திங்கள், ஞாயிறு, சனி, வெள்ளி. அதற்கு முந்தின நாளின் வாசலில் மனசு நின்றுகொண்டது, உள்ளே வரமாட்டேன் என்று. சரி, விடு. வேறு எங்காவது போ. பதினொன்றாம் தட்டைத் திறந்தாள். ஒரு குழியில் ஒரு பெரிய புழுவும் பக்கத்தில் ஒரு தலை ஓடும் மட்டும் கிடந்தது. கை தவறி இரண்டை விட்டிருக்கிறாள். எப்போது தவறியது? வெள்ளிக்கிழமை பிரித்த தட்டு இது. அவள் கை தவறாதே. வெள்ளிக்கிழமை கண் தட்டில் இல்லை, நகத்தில்தான் இருந்தது. தின்ற புழு மட்டும் நல்ல பச்சையாக, நோய்நொடி இல்லாமல், தீனியில் வாயை வைத்துக்கொண்டு கிடந்தது. இன்னும் இரண்டு நாளில் அதுவும் ஏறித் தொங்கும், பார்த்துக்கொண்டே இரு என்று அதனிடம் சொன்னாள். சொன்ன பிறகு மனசுக்குக் கொஞ்சம் குளுகுளுவென்று இருந்தது. அப்படி இருந்ததைக் கண்டு பயமாகவும் இருந்தது.

சீனிப்பாண்டி. தம்பி பேரை நினைத்தாலே நாக்கின் அடியில் கசக்கும். இரண்டு வருஷத்துக்கு முந்தின மார்கழியில் நாலு ஏக்கர் கொண்டைக்கடலை, இடுப்பு உயரத்துக்கு இல்லாவிட்டாலும் முழங்கால் உயரத்துக்கு, காய் பிடித்துக் கிடந்தது. புழு விழுந்தது. மூன்று தடவை மருந்து அடித்தான். புழு அசையவில்லை. நாலாவது பாட்டிலை அவன் புஞ்சைக்குக் கொண்டுபோகவில்லை. புழு சாகாத மருந்தில் அவன் செத்தான். அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் மாரிக்கனி தலையில் அடித்துக்கொண்டு தானாகச் சொன்னாள், யாரும் கேட்கவில்லை, தானாக வாயைத் திறந்து சொன்னாள்: காலையில் அவன் கிளம்பும்போது, நீ புஞ்சைக்குப் போயி என்னத்தக் கிழிக்கப் போற, பேசாமப் படு என்று சொல்லிவிட்டாளாம். நாந்தான் மதினி அப்படிச் சொன்னேன், நாந்தான் சொன்னேன் என்று தங்கபுஷ்பத்தின் மடியில் விழுந்தாள். தங்கபுஷ்பம் அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள். தடவிக்கொண்டே அந்த வார்த்தையை எடுத்து மடியில் முடிந்துகொண்டாள். அன்றிலிருந்து தினம் அதை அவிழ்த்துப் பார்ப்பாள். என்னத்தக் கிழிக்கப் போற. ஒரு ஆம்பளையைப் பார்த்துப் பெண்டாட்டி சொல்லுகிற வார்த்தையா அது? எல்லா வீட்டிலும் சொல்லுகிற வார்த்தைதான். தங்கபுஷ்பமே தன் புருஷனை வாரத்துக்கு நாலு தடவை அப்படிக் கேட்பாள், அவர் காதில் வாங்காமல் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு போய்விடுவார். அது வேறு, இது வேறு. எப்படி வேறு என்று கேட்டால் பதில் கிடையாது, வேறு, அவ்வளவுதான். இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் இன்னொன்று அடியிலிருந்து தலையை நீட்டும். அதைப் பிரஷால் உள்ளே தள்ளிவிட்டு மூடியைப் போட்டுவிடுவாள். இன்றைக்கு மூடி நிற்கவில்லை. அக்கா, உங்க கம்பெனி மருந்து ரெண்டு பாட்டில் கொண்டுவாக்கா, பக்கத்துப் புஞ்சைக்காரன் அடிச்சான், நல்லாக் கேக்குதாம். அப்படித்தான் கேட்டான். அவன் சாகிற வாரத்துத் திங்கள்கிழமை கேட்டான். நாளைக்குக் கொண்டாரேன் என்றாள். செவ்வாய் மறந்துவிட்டது. புதன்கிழமை ஞாபகம் இருந்தது, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. வியாழக்கிழமை போன் பண்ணினான். போன் வெளியே பையில் கிடந்தது, உள்ளே அவள் கூட்டுப்புழுவில் ஆண் பெண் பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தாள், வாலைப் பார்த்துப் பிரிக்கிற வேலை, கண்ணை எடுத்தால் தப்பிவிடும். அக்காதான் கொண்டுவரவில்லை என்று அவனும் யாரிடமும் சொல்லாமல் போய்விட்டான். அப்படிப் போனதில் ஒரு நிம்மதி. நிம்மதி என்ற வார்த்தை வந்ததும் தங்கபுஷ்பத்துக்குத் தன் மேலேயே காறித் துப்பவேண்டும்போல இருந்தது. கடலை மாவு வேகிற வாசம் குமட்டியது. பதினோரு வருஷமாகச் சுண்டல் வாயில் வைப்பதில்லை.

இப்போது யோசிக்கவேண்டியது தம்பியைப் பற்றி இல்லை, பதினோரு மணியைப் பற்றி. சார் கேட்பார், யார் தாண்டினது என்று. இந்தக் கட்டடத்தில் இருப்பதே இரண்டு பொம்பளைகள். பாட்டில் அடைக்கிறவர்கள் ரோட்டோரக் கொட்டகையில் இருக்கிறார்கள், இங்கே எட்டிப் பார்க்கமாட்டார்கள். இரண்டு பேரில் ஒருத்தி. நோய் எங்கிருந்து வரும்? நோய் அறையிலிருந்துதான் வரும். நோய் அறையில் யார்? கேட்கவே வேண்டாம், சாரே முடிவு கட்டிவிடுவார். தங்கபுஷ்பம் வாயைத் திறக்கவேண்டிய அவசியமே இல்லை. வாயை மூடிக்கொண்டு இருந்தால் பொய் சொன்னதாகாது. அப்புறம் மாரிக்கனி என்ன செய்வாள்? அதையும் அவளே ஒரு நாள் சொல்லியிருக்கிறாள், இந்த வேலை இல்லை என்றால் திருப்பூர் மில்லுக்குத்தான் போகவேண்டும், அக்காக்காரி கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள், ஆனால் அங்கே விடுதியில் பிள்ளையை வைத்துக்கொள்ள விடமாட்டார்கள் என்று. பிள்ளையை. மகிஷா. ஏழு வயசு. சீனிப்பாண்டியின் அதே மூக்கு, அதே கோணல் சிரிப்பு. பள்ளிக்கூடம் விட்டால் நேரே அத்தை வீட்டுக்குத்தான் வரும், ரசஞ்சோறும் அப்பளமும் தின்றுவிட்டு அத்தை மடியில் காலைப் போட்டுக்கொண்டு கிடக்கும். ஏழு மணியானால் மாரிக்கனி வந்து, வாடி போவோம் என்று கூட்டிக்கொண்டு போய்விடுவாள். அந்த ஏழு மணிதான் தங்கபுஷ்பத்துக்குத் தினமும் நெஞ்சில் இடிக்கிற நேரம். தூங்கிப்போன பிள்ளையைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு, வரேன் மதினி என்று போவாளே, அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒரு நாளாவது விட்டுட்டுப் போயேண்டி என்று சொல்ல வாய் வராது. தம்பி பிள்ளை, அவன் இரத்தம், பிறந்த வீட்டில் மிஞ்சின ஒரே உசிர். எவளோ ஒருத்தி தூக்கிக்கொண்டு போகிறாள். எவளோ ஒருத்தியாம்! பெற்றவள். பெற்றவள்தான், யார் இல்லை என்றது. மில்லுக்குப் போனால் பிள்ளை எங்கே இருக்கும்? மாரிக்கனிக்குத் தாயும் இல்லை தகப்பனும் இல்லை. அத்தை வீட்டில்தான் இருக்கும். ராத்திரியும் இருக்கும். காலையில் அத்தைதான் சடை போடுவாள். கண்ணாடி முன்னால் நிறுத்தி, ஆடாம நில்லுடி என்று. தங்கபுஷ்பம் கையில் பிரஷோடு அப்படியே நின்றுவிட்டாள். உதட்டில் சிரிப்பு வந்திருப்பது தெரிந்ததும் பல்லால் கடித்தாள்.

ஜன்னல் தட்டுகிற சத்தம் கேட்டது. தாழ்ப்பாளை எடுத்தாள். அந்தப் பக்கம் நீல அங்கியும் முகமூடியுமாக மாரிக்கனியின் கண்கள் மட்டும். எழுதி வைத்தபடி அவள் பலகைக்கு இரண்டடி தள்ளித்தான் நின்றாள். எட்டு மாசத்தில் ஒரு நாள்கூட அவள் பலகையைத் தொட்டது கிடையாது. சும்மா சொல்லக்கூடாது, அந்த விஷயத்தில் சுத்தமானவள். இன்றைக்கு எத்தனை தட்டு மதினி என்று கேட்டாள். பிறகு வரும் என்றாள் தங்கபுஷ்பம். உங்க முகம் ஏன் ஒரு மாதிரி இருக்கு, காலைல சாப்பிடலையா என்றாள் அவள். அந்தப் பரிவுதான் தங்கபுஷ்பத்துக்கு ஆகாது. சண்டைக்காரியாக இருந்தால் நன்றாக வெறுக்கலாம். இவள் வெறுக்கவும் விடமாட்டாள். இதோ, இந்த நிமிஷம், மாரிக்கனி, ஒரு காரியம் நடந்துபோச்சு என்று ஆரம்பித்துவிடலாம். வாய்கூட லேசாகத் திறந்தது. மகி நேத்து உங்க வீட்டு மொச்சைக் குழம்பப் பத்தியே பேசிட்டு இருந்தா, நான் வச்சா அப்படி வரலியாம் என்று மாரிக்கனி முகமூடிக்குள் சிரித்தாள். திறந்த வாய் மூடிக்கொண்டது. தட்டு தயாரானதும் கூப்பிடுகிறேன் என்று சொல்லித் தாழ்ப்பாளைப் போடப் போனாள். அப்போது மாரிக்கனியின் கண் கீழே இறங்கி, தங்கபுஷ்பத்தின் கையில் நின்று, மறுபடி மேலே ஏறியது. கையுறை மெல்லிசு, உள்ளே இருப்பது தெரியும். தெரியுமா? கடுகளவுதானே. தெரியாது. தாழ்ப்பாள் போட்ட பிறகும் அந்தக் கண் கையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

போன வாரத்து அந்த வியாழக்கிழமை. சரி, போவோம், எவ்வளவு நேரம் வாசலிலேயே நிற்பது. மத்தியானம் இரண்டு மணிக்கு மாரிக்கனி நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள், பெற்றோர் கூட்டம். கூட்டத்துக்கு அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள், அத்தையைக் கூப்பிடுவார்களா. அந்த எரிச்சல் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், முந்தின நாள் பஸ்ஸில் ஒருத்தி காதில் போட்டுவிட்டுப் போன சங்கதி, உன் தம்பி பெண்டாட்டியை டெய்லர்காரன் பெண் கேட்கிறானாமே என்று. கேட்ட நேரத்திலிருந்து தூக்கமில்லை. அவள் இன்னொருத்தனைக் கட்டிக்கொண்டு போனால் பிள்ளையும் அவளோடு போகும், எவனையோ அப்பா என்று கூப்பிடும். அவள் பை நோய் அறை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. பையில் ஏதாவது இருக்கும், போட்டோ, சீட்டு, ஏதாவது. வெளி வாசல் வழியாகச் சுற்றி உள்ளே போனாள். ஆயிரக்கணக்கில் தொங்கிக்கொண்டிருந்தன, பாதி வெடித்து, பாதி வெடிக்கப் போகிற வீக்கத்தில். அந்த நாற்றத்தில் நின்று பையைத் துழாவினாள். பஸ் டிக்கெட்டுகள், சீப்பு, மகிஷாவின் மார்க் அட்டை, ஒரு பாக்கெட் இருமல் மிட்டாய், அடியில் ஒரு சின்ன பாட்டில் நகப்பூச்சு. இரத்தச் சிவப்பு. ஆகா, மாட்டிக்கொண்டாயடி. தாலி அறுத்தவளுக்குச் சிவப்பு நகப்பூச்சு எதற்கு? கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் உடம்பெல்லாம் சுட்டது. அந்தச் சூட்டில் ஏன் அதைச் செய்தாள் என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. மூடியைத் திறந்தாள். கையுறையைக் கழற்றினாள். கட்டைவிரல் நகத்தில் ஒரு இழுப்பு இழுத்தாள். குளிர்ச்சியாக இருந்தது. நாற்பத்தாறு வயசில் முதல் தடவை. கையை நீட்டிப் பார்த்தாள், நன்றாகத்தான் இருந்தது. அப்போது ரோட்டில் சாரின் பைக் சத்தம். பாட்டிலைப் பைக்குள் போட்டுவிட்டு, சுற்றி ஓடி, தன் இடத்தில் போய் உட்கார்ந்து பிரஷை எடுத்தாள். அங்கியை மாற்றவில்லை, கையைக் கழுவவில்லை. சார் கண்ணில் நகம் பட்டுவிடக்கூடாதே என்ற ஒரே நினைப்பில் சுரண்டிக்கொண்டே தட்டுத் தட்டாகப் புழுவைத் தொட்டாள். பிளீச்சிங் வாளி எட்டின தூரத்தில்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மகிஷா காலை நீட்டிக் காட்டியது, அத்தை பாரு, பத்து விரலுக்கும் அம்மா போட்டுவிட்டா என்று. பத்து விரலும் சிவப்பு. பார்த்தாயா, பிள்ளைக்கு வாங்கினது. சரி, பிள்ளைக்கு வாங்கினால் என்ன, அவளும் ஒரு நாள் போட்டுப் பார்த்திருக்கமாட்டாளா? நானே போட்டுப் பார்த்தேனே! அப்படித்தான் நினைத்தாள், அப்போதும் அவள் மனசு அடங்கவில்லை.

பதினோரு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே சார் வந்துவிட்டார். ஏழாம் தட்டைத் திறந்தார், எட்டைத் திறந்தார், பிறகு ஒவ்வொன்றாகத் திறப்பதை விட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். எப்போதும் சத்தம் போடுகிற மனுஷன் இப்போது சத்தம் போடவில்லை. ஜன்னலைத் திறந்து மாரிக்கனியைக் குளித்துவிட்டு முன்பக்கம் வரச் சொன்னார். அவள் ஈரத் தலையோடு வாசலில் வந்து நின்றாள், உள்ளே கால் வைக்காமல். யார் தாண்டினது என்று சார் பொதுவாகத்தான் கேட்டார், இரண்டு பேரையும் பார்த்துத்தான் கேட்டார். தங்கபுஷ்பம் வாயை மூடிக்கொண்டு நிற்பதாகத்தான் இருந்தாள். ஆனால் சார் பார்வை முதலில் அவள் பக்கம்தான் திரும்பியது. அந்த ஒரு நொடியில், இவருக்குத் தெரிந்துவிட்டது என்றே நினைத்தாள். பல வருஷப் பேர், கைப்பக்குவம், மகிஷாவின் சடை, எல்லாம் ஒரு நொடியில் கழன்று விழுகிற மாதிரி. வாய் தானாகத் திறந்தது.

"அவ சின்னப் பிள்ளைக்காரி சார். ஏதோ அவசரத்துல கையக் கழுவ மறந்திருப்பா. எனக்காக இந்த ஒரு தடவை மன்னிச்சு விட்டுருங்க."

என்ன அழகான வார்த்தை. காட்டிக்கொடுத்த மாதிரியும் இல்லை, பரிந்து பேசின மாதிரியும் ஆச்சு. சொல்லி முடித்ததும் தங்கபுஷ்பத்துக்கே அது நிஜம்போல இருந்தது, கண்ணில் தண்ணீர்கூடத் தளும்பியது. மாரிக்கனி அவளைப் பார்த்தாள். இல்லை என்று சொல்லுவாள், கத்துவாள், வியாழக்கிழமை நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன், என் பையை யாரோ நோண்டியிருந்தார்கள் என்பாள், என்று தங்கபுஷ்பம் காத்திருந்தாள். காத்திருந்த அந்த நேரத்தில் அவள் அப்படிச் சொல்லிவிடமாட்டாளா என்றுகூட மனசின் ஒரு மூலை ஏங்கியது. மாரிக்கனி ஈரத் தலையை அள்ளி முடிந்துகொண்டாள். சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, யாராய் இருந்தால் என்ன அம்மா, இனி அதைப் பேசிப் பிரயோஜனமில்லை என்றார். எல்லாவற்றையும் அழிக்கவேண்டும். புழு, கூட்டுப்புழு, பூச்சி, முட்டைத் துணி, ஒன்று மிச்சமில்லாமல். புஞ்சையிலிருந்து புதுப் புழு பிடித்து வந்து தலைமுறை ஏற்றி எடுக்க நாலு மாசம் ஆகும். அதற்கு வளர்க்கத் தெரிந்த கை வேண்டும், அதனால் தங்கபுஷ்பம் இருக்கட்டும். அதுவரை நோய் அறையில் கொல்ல ஒரு புழுவும் இல்லை, அங்கே யார் இருந்தாலும் அனுப்பித்தான் ஆகவேண்டும். அதை அவர் கோபமில்லாமல், ரொம்ப வருத்தப்பட்டுத்தான் சொன்னார். அப்படியானால் சொல்லியிருக்கவே வேண்டாமே. நான்தான் சார் என்று உண்மையைச் சொல்லியிருந்தாலும் இவள் போயிருப்பாள், நான் இருந்திருப்பேன். பிள்ளை வந்திருக்கும். ஒரு பொய்யும் இல்லாமல் வந்திருக்கும். இவ்வளவு வருஷ வேலைக்காரிக்கு இது தோன்றவில்லையே.

தட்டுகளை ஒவ்வொன்றாக டிரம்முக்குள் கவிழ்த்தாள். பிளீச்சிங் தண்ணீரில் பச்சைப் புழுக்கள் நெளிந்து நெளிந்து வெளுத்தன. இரண்டு பேர் இருந்த குழியில் தனியாக மிஞ்சின அந்தப் புழுவும் விழுந்தது. பிறகு பூச்சி வாளி. துணியை அவிழ்த்ததும் மண்நிறச் சிறகுகள் படபடவென்று அவள் முகத்தில் மோதின, கையால் அமுக்கி அமுக்கித் தண்ணீருக்குள் தள்ளினாள். சிறகுத் தூள் முழங்கை வரைக்கும் அப்பியது. மாரிக்கனி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். இப்போது எது எங்கே தாண்டினாலும் கேட்பாரில்லை, ஆனாலும் அவள் நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றாள். சனிக்கிழமை திருப்பூர் பஸ் ஏறுவதாகவும், பிள்ளையை இங்கே விட்டுப் போவதைத் தவிர வேறு வழியில்லை என்றும் சொன்னாள். அழவில்லை. ஒவ்வொன்றாகச் சொன்னாள், கடைக்குச் சாமான் எழுதிக்கொடுக்கிற மாதிரி. ராத்திரி இருமினால் வெந்நீர் கொடுக்கணும், தலைக்குச் சனிக்கிழமைதான் ஊத்தணும், தயிர் ஆகாது, கணக்கில் கொஞ்சம் மந்தம், அடிக்கவேண்டாம், பயந்துக்குவா. தங்கபுஷ்பம் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். நீ ஏன் சார்கிட்ட ஒண்ணும் சொல்லலை என்று கேட்கவேண்டும்போல இருந்தது, கேட்கவில்லை. கேட்காததற்கும் பதில் வந்தது. நான் சண்டை போட்டா மகி எங்க மதினி போவா, உங்கள விட்டா அவளுக்கு யாரு இருக்கா என்றாள். பிறகு பைக்குள் கையை விட்டு அந்தச் சின்ன பாட்டிலை எடுத்து நிலைப்படியில் வைத்தாள். பாட்டிலைச் சுற்றிச் சிவப்பு வழிந்து காய்ந்திருந்தது.

"வியாழக்கிழமை மூடிய நல்லா மூடாமப் போட்டுட்டீங்க. மார்க் அட்டையெல்லாம் கொட்டிப் போச்சு. இருக்கறத அவளுக்குப் போட்டு விடுங்க, ஆசையாக் கேட்பா."

டிரம்முக்குள் ஒரு பூச்சி இன்னும் சிறகடித்துக்கொண்டிருந்தது. மாரிக்கனி இரண்டடி போய்த் திரும்பினாள்.

"அவளத் தொடுறதுக்கு முன்ன மட்டும் கையக் கழுவிக்கோங்க, மதினி."

தங்கபுஷ்பம் சரி என்றாள்.